டி.எச்.எஃப்.எல். வைப்புத்தொகை: மீதிப் பணம் வருமா?

கேள்வி: என் தந்தை மின்வாரியத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஓய்வுபெற்றபோது கிடைத்த தொகையில் 15 லட்சம் ரூபாயை, 2017-இல் டி.எச்.எஃப்.எல். வீட்டுக்கடன் நிறுவனத்தில் தம் பெயரிலும் அம்மா பெயரிலும் கூட்டு வைப்புத்தொகையாகப் போட்டார். அதற்கு முந்தைய ஆண்டே அந்த நிறுவனத்தின் கடன் பத்திரங்களில் 5 லட்சம் ரூபாய் போட்டிருந்தார். அவை அவர் பெயரில் மட்டும், டீமேட் (மின்னணுப் பத்திர) கணக்கில் உள்ளன. நிறுவனம் திவால் நடவடிக்கைக்குப் போய், பிராமல் குழுமம் அதை எடுத்துக்கொண்ட பின், வைப்புத்தொகைக்காக 2021 இறுதியில் 3.78 லட்சம் ரூபாய் வங்கிக் கணக்கில் வரவாயிற்று. கடன் பத்திரங்களுக்குக் கொஞ்சம் ரொக்கமும், மிச்சத்துக்குப் பிராமலின் புதிய பத்திரங்களும் வந்தன. 2022-இல் அப்பா காலமானார். அவருடைய வங்கிக் கணக்கை மூடிவிட்டோம். டீமேட் கணக்கை இன்னும் மாற்றவில்லை. மீதிப் பணம் வரும் என்று அம்மா இன்றும் காத்திருக்கிறார். சென்ற மாதம் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, உச்ச நீதிமன்றம் முழுத்தொகையையும் திருப்பித் தர உத்தரவிட்டுவிட்டதாகவும், 18,500 ரூபாய் கட்டினால் எங்கள் கோப்பை நகர்த்துவதாகவும் சொன்னார். என் சித்தப்பாவும் அதே நிறுவனத்தில் 3 லட்சம் போட்டிருந்தார். அவர் கோரிக்கைப் படிவமே கொடுக்கவில்லை. அவருக்கு இனி ஏதாவது கிடைக்குமா? கையில் இருக்கும் பத்திரங்களை வைத்திருக்கலாமா, விற்றுவிடலாமா?

வாசகி, கும்பகோணம்

பதில்:

அன்புடையீர், வணக்கம்.

தொலைபேசியில் அழைத்தவரின் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் அவசரம் இருக்கிறது. அவருக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். முழுத்தொகையையும் திருப்பித் தரும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிடவில்லை. 2025 ஏப்ரல் 1 அன்று வந்த தீர்ப்பு அதற்கு நேர்மாறானது. நிறுவனத்தை எடுத்துக்கொண்டு, கடன் கொடுத்தவர்களுக்கு எவ்வளவு தருவது என்று வகுத்த பிராமலின் தீர்வுத் திட்டம் செல்லும் என்று அது உறுதி செய்துவிட்டது. தவிரவும், இந்த நடவடிக்கையின் எந்தக் கட்டத்திலும் வைப்பாளர் தமக்குச் சேர வேண்டிய பணத்தைப் பெறுவதற்குக் கட்டணம் செலுத்தும் ஏற்பாடு கிடையாது. உங்கள் தந்தையின் பெயரையும் வைப்புத்தொகையின் அளவையும் அந்த மனிதர் சரியாகச் சொன்னார் என்பதற்காக அவரை நம்பிவிட வேண்டாம். இத்தகைய பட்டியல்கள் எத்தனையோ கைகள் மாறுகின்றன. அவர் அனுப்பிய செயலி எதையாவது அம்மாவின் கைப்பேசியில் ஏற்றியிருந்தால் உடனே நீக்கிவிட்டு, வங்கிக் கிளைக்குத் தகவல் கொடுத்து, இணையவழிச் சேவையின் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். பணம் கட்டிவிட்டிருந்தால் 1930 என்ற எண்ணில் இணையக் குற்றப் புகாரை இன்றே பதிவு செய்யுங்கள். போன பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு முதல் சில மணி நேரங்களில்தான் அதிகம்.

இனி உங்கள் அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். வைப்புத்தொகையின் மீதியைப் பொறுத்தவரை, அது வரும் என்று எதிர்பார்த்து எந்தக் குடும்பச் செலவையும் திட்டமிடாதீர்கள். சட்டப்படி அந்தக் கணக்கு முடிந்துவிட்டது. இதை எழுதுவது எனக்கு எளிதாக இல்லை. ஆனால் நான்கு ஆண்டுகளுக்கு மேலாக ஒருவரை நம்பிக்கையிலேயே வைத்திருப்பதைவிட, என்ன நடந்தது, ஏன் இவ்வளவுதான் வந்தது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுவதே அவருக்குச் செய்யும் மரியாதை என்று கருதுகிறேன்.

2018 செப்டம்பரில் ஐ.எல்.&எஃப்.எஸ். என்ற உள்கட்டமைப்பு நிதிக் குழுமம் கடன் தவணைகளைக் கட்டத் தவறியபோது, வங்கி அல்லாத நிதி நிறுவனங்கள் அனைத்தின் மீதும் சந்தையின் நம்பிக்கை ஆட்டம் கண்டது. குறுகிய காலக் கடன் வாங்கி நீண்ட காலத்துக்கு வீட்டுக்கடன் கொடுத்துவந்த டி.எச்.எஃப்.எல்.லுக்குப் புதிய கடன் கிடைப்பது கடினமாயிற்று. 2019-இன் தொடக்கத்தில் அதன் மீது நிதி முறைகேட்டுக் குற்றச்சாட்டுகளும் எழுந்தன. அவ்வாண்டு தொடங்கும்போது மிக உயர்ந்த ‘ஏஏஏ’ தரம் பெற்றிருந்த அந்த நிறுவனம், ஜூன் மாதத்தில் வட்டி கட்டத் தவறி ‘டி’ தரத்துக்கு இறங்கியது. உங்கள் தந்தை பணம் போட்ட நாளில் கையில் இருந்த எல்லாத் தகவல்களும் அந்த நிறுவனம் பாதுகாப்பானது என்றே சொல்லின. ஆகவே அவர் பேராசைப்பட்டு ஏமாந்தார் என்ற பேச்சு உறவினர்களிடையே எழுந்தால், அதை ஏற்காதீர்கள்.

2019 நவம்பர் 20 அன்று ரிசர்வ் வங்கி நிறுவனத்தின் இயக்குநர் குழுவைக் கலைத்து, இந்தியன் ஓவர்சீஸ் வங்கியின் முன்னாள் நிர்வாக இயக்குநர் ஆர். சுப்பிரமணியகுமாரை நிர்வாகியாக நியமித்தது. டிசம்பர் 3 அன்று மும்பையில் உள்ள தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் திவால் நடவடிக்கையை ஏற்றுக்கொண்டது. நிதி நிறுவனம் ஒன்று திவால் சட்டத்தின் கீழ் வந்தது அதுவே முதல் முறை. அதற்கான விதிகளே அந்த நவம்பர் 15-ஆம் தேதிதான் வெளியாகியிருந்தன. டிசம்பர் 3 என்ற தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்று வரை சேர்ந்த வட்டியும் அசலும்தான் உங்கள் கோரிக்கைத் தொகை. அதற்குப் பிந்தைய காலத்துக்கு வட்டி கணக்கில் சேராது. உங்கள் கடிதத்தோடு அனுப்பிய நகலில், ஒப்புக்கொள்ளப்பட்ட கோரிக்கை 16.4 லட்சம் ரூபாய் என்று இருக்கிறது. 15 லட்சம் அசலோடு, அன்றுவரை வழங்கப்படாத வட்டியும் சேர்ந்த தொகை அது. அதில் 3.78 லட்சம் வந்திருக்கிறது. அதாவது நூற்றுக்கு 23.

இந்த 23 சதவீதம் உங்கள் குடும்பத்துக்கு மட்டும் நேர்ந்ததன்று. வைப்பாளர்கள் அனைவருடைய ஒப்புக்கொள்ளப்பட்ட கோரிக்கைகளும் சேர்ந்து ஏறத்தாழ 5,375 கோடி ரூபாய். அவர்களுக்கென ஒதுக்கப்பட்டது ஏறத்தாழ 1,241 கோடி. உத்தரப் பிரதேச மின்வாரிய ஊழியர்களின் வருங்கால வைப்பு நிதியில் 2,200 கோடிக்கு மேற்பட்ட தொகை இதே வைப்புத்தொகையில் சிக்கிக்கொண்டது என்பதையும் சொல்ல வேண்டும். உங்கள் தந்தையைப் போலவே மின்வாரியத்தில் உழைத்த பல ஆயிரம் பேரின் சேமிப்பு அது.

மொத்தமாகப் பார்த்தால் நிறுவனத்தின் மீது ஒப்புக்கொள்ளப்பட்ட கோரிக்கைகள் 87,000 கோடி ரூபாய்க்கும் மேல். பிராமல் தந்தது ரொக்கமும் பத்திரங்களுமாக 34,250 கோடி. நிறுவனத்தின் கையிருப்பிலிருந்து வந்தது ஏறத்தாழ 3,800 கோடி. ஆக 38,000 கோடி சொச்சம். அப்படியானால் சராசரியாக நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் வந்திருக்கிறதே, வைப்பாளருக்கு மட்டும் ஏன் 23 என்று நீங்கள் கேட்கலாம். வங்கிகளும் கடன் பத்திரதாரர்களில் பெரும்பாலோரும் நிறுவனத்தின் சொத்துகளின் மீது அடமான உரிமை பெற்றவர்கள். வைப்பாளர் பிணையில்லாக் கடன் கொடுத்தவர். தீர்வுத் தொகையைப் பிரிக்கும்போது ஒவ்வொரு வகையினரின் முன்னுரிமையையும் பிணையின் மதிப்பையும் கருதலாம் என்று திவால் சட்டத்தின் 30(4) பிரிவு சொல்கிறது. வெவ்வேறு வகையினருக்கு வெவ்வேறு விகிதத்தில் கொடுப்பது தவறில்லை என்று 2019 நவம்பரில் எஸ்ஸார் ஸ்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றமும் கூறிவிட்டது.

வாக்குரிமை இருந்தும் வைப்பாளர்களால் இதைத் தடுக்க இயலவில்லை. கடன்கொடுத்தோர் குழுவில் வாக்கு என்பது தலைக்கு ஒன்று அன்று. கொடுத்த கடனின் அளவுக்கு ஏற்றது. 87,000 கோடியில் 5,375 கோடி என்றால் நூற்றுக்கு 6 பங்குதான். திட்டம் நிறைவேற 66 பங்கு போதும். அத்தனை வைப்பாளர்களும் ஒரே குரலில் எதிர்த்திருந்தாலும் முடிவு மாறியிருக்காது. 2021 ஜனவரியில் 94 சதவீத வாக்குகளுடன் பிராமலின் திட்டம் குழுவில் நிறைவேறியது. அதே ஆண்டு ஜூன் 7 அன்று தீர்ப்பாயம் அதற்கு ஒப்புதல் அளித்தபோது, சிறு முதலீட்டாளர்களுக்கான ஒதுக்கீட்டை மறுபரிசீலனை செய்யுமாறு குழுவைக் கேட்டுக்கொண்டது. ஆனால் உத்தரவிடவில்லை, குழுவும் ஒதுக்கீட்டைக் கூட்டவில்லை. பங்கீட்டை முடிவு செய்வது கடன்கொடுத்தோரின் வணிக அறிவுக்கு விடப்பட்ட விஷயம் என்பதே நீதிமன்றங்களின் உறுதியான நிலைப்பாடு.

என் கருத்தையும் இங்கே பதிவு செய்கிறேன். மதிப்பீடுகளை ஆராய்ந்து, பிணை வாங்கி, வல்லுநர்களைக் கொண்டு கடன் கொடுக்கும் ஒரு வங்கியையும், விளம்பரத்தையும் முகவரின் சொல்லையும் நம்பி ஓய்வுக்காலப் பணத்தைக் கொடுத்த ஒரு முதியவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, பணத்தின் அளவால் வாக்கை எண்ணுவது நியாயமாகாது. வங்கியில் போட்ட பணத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு உண்டு. வீட்டுக்கடன் நிறுவனத்தில் போட்ட பணத்துக்கு அது கிடையாது. இரண்டிலும் பணம் வாங்கும்போது தரப்படும் ரசீது ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கிறது. இந்த வேறுபாட்டைப் பெரிய எழுத்தில் சொல்லாமல் பொதுமக்களிடம் பணம் திரட்ட அனுமதிப்பதை நான் தொடர்ந்து எதிர்த்துவருகிறேன். ஆயினும் நியாயம் எது என்பது வேறு, உங்களுக்கு இன்றுள்ள சட்ட வழி எது என்பது வேறு. தீர்ப்பாயம் ஒப்புதல் அளித்த திட்டம், 31-ஆவது பிரிவின்படி, கடன் கொடுத்த அனைவரையும் கட்டுப்படுத்தும். நுகர்வோர் ஆணையத்திலோ உரிமையியல் நீதிமன்றத்திலோ மீதிக்காக வழக்குத் தொடுத்தால், நீதிமன்றக் கட்டணமும் வழக்கறிஞர் செலவும்தான் மிஞ்சும். நானே ஒரு வழக்கறிஞனாக இருந்தும் இதைச் சொல்கிறேன்.

ஒரு சிறு கதவு மட்டும் முற்றிலும் மூடப்படவில்லை. அதன் அளவை மிகைப்படுத்தாமல் விளக்குகிறேன். பழைய நிர்வாகத்தினர் நிறுவனத்தின் பணத்தை வெளியே கொண்டுபோனதாகச் சொல்லப்படும் பரிவர்த்தனைகளை ரத்து செய்து பணத்தை மீட்கும்படி, நிர்வாகி தீர்ப்பாயத்தில் பல மனுக்களைத் தாக்கல் செய்தார். அவற்றின் மதிப்பு சுமார் 45,000 கோடி ரூபாய் என்று கூறப்பட்டது. அவற்றில் 66-ஆவது பிரிவின் கீழ் வரும் மோசடிப் பரிவர்த்தனைகளிலிருந்து எது மீண்டாலும் அது பிராமலுக்கு என்றும், அந்த உரிமைக்கு 1 ரூபாய் மதிப்பு என்றும் திட்டத்தில் எழுதப்பட்டது. பல பத்தாயிரம் கோடிக்கு ஒரு ரூபாயா என்று கொதித்தவர்களுள் பெரிய கடன் பத்திரதாரர்களும் உண்டு. 2022 ஜனவரியில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அவர்கள் பக்கம் நின்று, அந்த அம்சத்தை மறுபரிசீலனை செய்யக் குழுவுக்குத் திருப்பி அனுப்பியது. உங்கள் அம்மாவின் நம்பிக்கை அந்தச் செய்தியிலிருந்துதான் உயிர்பெற்றிருக்கும் என்று நினைக்கிறேன். அந்த உத்தரவைத்தான் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, திட்டத்தில் உள்ளபடியே பிராமலுக்கு என்று முடிவு செய்தது. ஒரு சாராருக்கு முன்னுரிமை கொடுத்தவை, குறைந்த விலைக்குக் கைமாற்றியவை, அநியாய வட்டிக்குக் கடன் வாங்கியவை என வேறு பிரிவுகளின் கீழ் வரும் பரிவர்த்தனைகளிலிருந்து ஏதாவது மீண்டால் மட்டும் அது கடன் கொடுத்தவர்களுக்குச் சேரும். அவ்வாறு வந்தால், கோரிக்கை ஒப்புக்கொள்ளப்பட்டவர் என்ற முறையில் திட்டப்படி உங்களுக்கு உரிய பங்கு தேடி வரும். அதற்காக நீங்கள் யாரையும் அணுக வேண்டியதில்லை. ஆனால் இவை ஆண்டுக்கணக்கில் நடக்கும் வழக்குகள். அம்மாவின் மருத்துவச் செலவுக்கு இதை நம்பியிருக்க முடியாது. அம்மாவின் வங்கிக் கணக்கு விவரமும் முகவரியும் நிறுவனத்தின் பதிவேட்டில் சரியாக இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும்.

சித்தப்பாவின் நிலை இதைவிடக் கடினமானது. திட்டத்தில் இடம்பெறாத கோரிக்கைகள் திட்டம் ஒப்புதல் பெற்ற நாளோடு அற்றுப்போகும் என்று 2021 ஏப்ரல் 13 அன்று கன்ஷ்யாம் மிஸ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் திட்டவட்டமாகக் கூறியிருக்கிறது. இருந்தாலும் வைப்பாளரின் பெயர் நிறுவனத்தின் சொந்தப் பதிவேட்டிலேயே இருக்கும் என்பதால், ஒரே ஒரு கடிதம் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். வைப்பு ரசீதின் நகல், பான் அட்டை நகல், ரத்து செய்த காசோலைத் தாள் ஆகியவற்றுடன், தம் பெயரில் ஒதுக்கப்பட்ட தொகை ஏதேனும் வழங்கப்படாமல் இருக்கிறதா என்று மட்டும் கேட்கட்டும். அசல் ரசீதை அனுப்பக் கூடாது. கடிதம், பழைய நிறுவனத்தின் இன்றைய வாரிசான பிராமல் ஃபைனான்ஸ் நிறுவனத்தின் செயலருக்கு, அதன் பதிவு அலுவலக முகவரிக்குப் போக வேண்டும். 2021 செப்டம்பர் 30 அன்று பிராமலின் வீட்டுக்கடன் நிறுவனம் டி.எச்.எஃப்.எல்.லுடன் இணைக்கப்பட்டு, பிராமல் கேப்பிடல் அண்ட் ஹவுசிங் ஃபைனான்ஸ் என்ற பெயரில் இயங்கியது. 2025-இல்தான் இப்போதைய பெயர் வந்தது. பழைய பெயரில் கடிதம் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் சிலரை நான் பார்த்திருக்கிறேன். பெயரில்லை என்று பதில் வந்தால், சித்தப்பா அதோடு விட்டுவிடுவதே நல்லது.

இப்போது உங்கள் கையில் உண்மையிலேயே இருக்கும் சொத்துக்கு வருகிறேன். கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் தாண்டிப்போன அந்த டீமேட் கணக்கைப் பற்றித்தான் எனக்குக் கவலை. பிராமல் கொடுத்த புதிய கடன் பத்திரங்கள் 10 ஆண்டு காலத்துக்கானவை, ஆண்டுக்கு 6.75 சதவீத வட்டி, அரையாண்டுக்கு ஒரு முறை தரப்படுகிறது. அசலும் கடைசி நாளில் மொத்தமாக வராமல், இடையிடையே தவணைகளாகத் திரும்பி வரும். அதற்கேற்ப ஒவ்வொரு பத்திரத்தின் முகமதிப்பும் (அதில் எஞ்சியுள்ள அசலும்) குறைந்துகொண்டே போகும். உங்கள் தந்தையின் வங்கிக் கணக்கு 2022-இல் மூடப்பட்டுவிட்டது. அப்படியென்றால் அதற்குப் பின் வந்த ஒவ்வோர் அரையாண்டு வட்டியும், அசல் தவணையும், மூடிய கணக்குக்குப் போய்த் திரும்பியிருக்கின்றன. நீங்கள் அனுப்பிய டீமேட் அறிக்கையில் பத்திரங்களின் எண்ணிக்கை அப்படியே இருக்க, மதிப்பு மட்டும் குறைந்திருப்பதைப் பார்த்து, சந்தையில் விலை விழுந்துவிட்டது என்று அம்மா வருந்தியதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குறைவில் ஒரு பகுதி உங்களுக்குத் திருப்பித் தரப்பட்டு, வந்து சேராமல் நிற்கும் அசல். அது இழப்பு அன்று. நீங்கள் கேட்டுப் பெற வேண்டிய பணம்.

பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் கடன் பத்திரங்களில் கேட்பாரற்று நிற்கும் வட்டியும் அசலும், உரிய தேதியிலிருந்து 30 நாட்களுக்குள் பெறப்படாவிட்டால் தனியான வங்கிக் கணக்கு ஒன்றுக்கு மாற்றப்பட வேண்டும் என்பது பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதி. 7 ஆண்டுகள் கேட்காமல் விட்டால் அது முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். அங்கிருந்து பெறலாம் என்றாலும் அலைச்சல் பன்மடங்கு. உங்களுக்கு முதல் தொகை திரும்பிப்போனது 2022-இல் என்பதால் இன்னும் காலம் இருக்கிறது. ஆனால் ஒவ்வோர் அரையாண்டு தாமதமும் கேட்க வேண்டிய பட்டியலை நீட்டுகிறது.

செய்ய வேண்டியது இதுதான். அம்மா பெயரில் டீமேட் கணக்கு இல்லையென்றால் முதலில் அதைத் தொடங்குங்கள். அப்பாவின் கணக்கு உள்ள அதே நிறுவனத்தில் தொடங்கினால் வேலை விரைவாக முடியும். அம்மா நியமனதாரராக (நாமினியாக) பதிவாகியிருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே வாரிசுரிமை மாற்றத்துக்கான படிவம், சான்றொப்பமிட்ட இறப்புச் சான்றிதழ் நகல், அம்மாவின் புதிய கணக்கின் விவரத்தாள் ஆகியவற்றைக் கொடுத்தால் பத்திரங்கள் அவர் கணக்குக்கு மாறிவிடும். நீதிமன்றத்தில் வாரிசுச் சான்றிதழ் பெறும் தேவை வராது. படிவத்தில் அப்பாவின் பெயரின் எழுத்துக்கூட்டல் இறப்புச் சான்றிதழில் உள்ளதுபோலவே இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊரில் தலைப்பெழுத்து ஓரிடத்தில் முன்னும் ஓரிடத்தில் பின்னும் இருப்பதாலேயே பாதி விண்ணப்பங்கள் திரும்பி வருகின்றன. வேறுபாடு இருந்தால் இருவரும் ஒருவரே என்று ஓர் உறுதிமொழிப் பத்திரம் இணையுங்கள். மாற்றம் முடிந்த பிறகு, அந்தப் பத்திரங்களின் பதிவேட்டைப் பராமரிக்கும் நிறுவனமான பதிவாளருக்கு எழுதி, 2022 முதல் வழங்கப்படாத ஒவ்வொரு தொகையையும் அதன் தேதியோடு கேளுங்கள். எந்தத் தேதியில் எவ்வளவு திரும்பியது என்ற பட்டியலை அவர்களே தரச் சொல்லுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் இல்லையென்றால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் பதிவு செய்யலாம். அதற்கும் கட்டணம் இல்லை.

குடும்பத்துக்குள் பின்னால் வருத்தம் வராமலிருக்க இதையும் சொல்ல வேண்டும். பத்திரங்கள் அம்மா பெயருக்கு மாறினாலும், நியமனதாரர் என்ற முறையில் அவர் வாரிசுகளின் சார்பில் பெற்றுக்கொள்பவரே அன்றி முழு உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதை மீண்டும் தெளிவுபடுத்தியது. உயில் இல்லாத நிலையில் அம்மா, நீங்கள், உங்கள் தங்கை ஆகிய மூவருக்கும் சம பங்கு உண்டு. அம்மாவே முழுவதும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நீங்கள் இருவரும் விரும்பினால், உங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் ஒரு விடுதலைப் பத்திரமாக அதை எழுதிப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

வருமான வரி குறித்துச் சுருக்கமாகச் சொல்கிறேன். எஞ்சியதை உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள். வைப்புத்தொகையில் இழந்த அசலை ஓய்வூதிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள முடியாது. புதிய பத்திரங்களின் வட்டி வரிக்கு உட்பட்டது. 2023 ஏப்ரல் முதல் பட்டியலிடப்பட்ட பத்திர வட்டியிலும் முன்கூட்டியே வரி பிடிக்கப்படுகிறது. அம்மாவின் வருமானம் வரி வரம்புக்குள் வராதென்றால், வரி பிடிக்க வேண்டாம் என்னும் உறுதிமொழிப் படிவத்தை ஒவ்வொரு நிதியாண்டின் தொடக்கத்திலும் பதிவாளரிடம் கொடுத்துவிட வேண்டும்.

பத்திரங்களை விற்கலாமா என்ற கடைசிக் கேள்விக்கு, நான் உங்கள் இடத்தில் இருந்தால் அம்மாவின் கையில் அவசரத் தேவைக்கு எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். இவை பங்குச் சந்தையில் விற்கக்கூடியவை என்றாலும், வாங்க முன்வருவோர் குறைவு. முகமதிப்புக்குக் கீழே விலை போவது வழக்கம். வட்டி 6.75 சதவீதம் என்பது இன்றைய வங்கி வைப்புகளோடு ஒப்பிடத்தக்கதே, ஆனால் இதற்கு வைப்புக் காப்பீடு இல்லை, 2031 வரை ஒரே நிறுவனத்தின் நிலையை நம்பியிருக்க வேண்டும். ஒருமுறை இதே வகைத் தொழிலில் பணத்தை இழந்த 74 வயது அம்மாவுக்கு அந்தக் கவலை ஒவ்வோர் அரையாண்டும் தேவையா என்பதை அவரே முடிவு செய்யட்டும். அவர் தூக்கத்தைக் கெடுக்கும் என்றால் சிறு தள்ளுபடியில் விற்று அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுவதை நான் ஆதரிப்பேன். கவலை இல்லை, வருமானம் போதும் என்றால், அசல் தவணை தவணையாகத் திரும்பி வருவதால் வைத்திருப்பதிலும் தவறில்லை. எதுவாயினும், பெயர் மாற்றம் முடியும் வரை விற்கவே முடியாது. விற்பதானால் சந்தை விலைக்கு விற்காமல், ஏற்கும் விலையைக் குறிப்பிட்டுச் சிறு சிறு எண்ணிக்கையாக விற்கச் சொல்லுங்கள். விற்பதற்கு முன், அன்றைய முகமதிப்பு எவ்வளவு என்பதைப் பதிவாளரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய முகமதிப்பை மனத்தில் வைத்து விலை பேசினால் தள்ளுபடி எவ்வளவு என்பதே உங்களுக்குத் தவறாகத் தெரியும்.

அன்புடன்,
ஆலோசகர்